மேற்கை எலும்பு கூடவில்லை, மணிக்கட்டும் எழவில்லை: அறுவை சிகிச்சையில் என்ன நடக்கிறது?

மேற்கையில் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் கட்டுப் போட்டும் கூடாமல் போவது ஒரு தொல்லை. அதே முறிவில் நரம்பும் அடிபட்டு, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போவது இன்னொரு தொல்லை. இரண்டும் ஒரே கையில் சேர்ந்து வந்தால் நோயாளியும் வீட்டாரும் திகைத்துப்போகிறார்கள். எலும்பை முதலில் கவனிப்பதா, நரம்பையா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பதா, அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொள்வதா? செய்தால் கை பழையபடி வருமா?

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிதாகப் புரியும். கூடாத எலும்பை ஒரு வருஷம் கழித்தும் சரிசெய்யலாம், சில வருஷங்கள் கழித்தும் சரிசெய்யலாம். நரம்புத் தொடர்பு அறுந்த தசைக்கு அந்த அவகாசம் கிடையாது. ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வருஷத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் தசை சுருங்கி, நார்போல ஆகிவிடும். அதன் பிறகு நரம்பு வந்தாலும் பயனில்லை. எனவே இரண்டு காயமும் சேர்ந்திருக்கும் கைக்கு நாள் குறிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நரம்பைத்தான்.

எலும்பை ஒட்டிப் போகும் நரம்பு

தோளிலிருந்து முழங்கை வரை இருப்பது ஒரே எலும்பு. மருத்துவர்கள் அதை ஹியூமரஸ் என்கிறார்கள். அதன் நடுத்தண்டின் பின்பக்கத்தில் ரேடியல் நரம்பு எலும்போடு எலும்பாகச் சாய்ந்து இறங்குகிறது. உள்பக்கத்தில் தொடங்கி, பின்னால் சுற்றி, வெளிப்பக்கம் வந்து, அங்கே முன்தசையையும் பின்தசையையும் பிரிக்கும் ஒரு கெட்டியான சவ்வைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் போகிறது. துளைக்கும் இடம் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே இருக்கும்.

அந்தச் சவ்வுக்குள் நரம்புக்கு அசைய இடம் குறைவு. தண்டின் கீழ்ப்பகுதியில் எலும்பு திருகலாக முறிந்து முனை வெளிப்பக்கம் விலகினால், நரம்பு ஒதுங்கிக்கொள்ள வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. இந்த வகை முறிவை 1963இல் ஹோல்ஸ்டீன், லூயிஸ் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். இன்றும் அது அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. பொதுவாக, நடுத்தண்டு முறிந்தவர்களில் 100க்குச் சுமார் 12 பேருக்கு இந்த நரம்பு ஏதோ ஓர் அளவில் அடிபடுகிறது.

ரேடியல் நரம்பின் வேலை மணிக்கட்டை மேலே தூக்குவது, விரல்களை அடிமூட்டில் நீட்டுவது, கட்டைவிரலை விரிப்பது. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோலின் உணர்வும் அதன் பொறுப்பு. முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிடுவதால், நடுத்தண்டில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் முழங்கையை நீட்டிவிடுவார்கள். மணிக்கட்டுதான் தொங்கும்.

‘விரலை மடக்குகிறேனே, பிறகு ஏன் ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை?’ என்று பலர் கேட்பார்கள். நல்ல கையிலேயே சோதித்துப் பாருங்கள். மணிக்கட்டை முழுதாகக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள். பிடி வலுவிழந்து போகும். விரலை மடக்கும் தசைக்கு முழு வலு கிடைக்க மணிக்கட்டு சற்று மேலே நிற்க வேண்டும். இந்த நரம்பு போனால் கையின் பிடியே போய்விடுவது அதனால்தான். மணிக்கட்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிளின்ட்டை முதல் நாளிலிருந்தே போடச் சொல்வதும் அதற்காகத்தான். போட்ட உடனே பிடியில் பாதி திரும்பி வந்ததுபோல் இருக்கும்.

எலும்பு ஏன் கூடாமல் போகிறது

மேற்கை எலும்பு நன்றாகக் கூடக்கூடிய எலும்புதான். 1977இல் சார்மியென்டோ என்ற மருத்துவர் பிரபலப்படுத்திய பிளாஸ்டிக் உறை, அதாவது பிரேஸ், இன்றும் பல முறிவுகளுக்குப் போதுமான சிகிச்சை. கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் தசைகளே எலும்பை நேராக நிறுத்திக்கொள்ளும். இரண்டு மூன்று மாதங்களில் புது எலும்பு சூழ்ந்துகொள்ளும். சிறு கோணலும் சிறிது குட்டையும் இந்த எலும்பில் வெளியே தெரியாது, வேலையையும் கெடுக்காது.

ஆனாலும் சிலருக்குக் கூடுவதில்லை. எலும்பு கூட நாலு விஷயம் வேண்டும்: முனைகள் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும், அதிகம் ஆடக்கூடாது, ரத்த ஓட்டம் இருக்க வேண்டும், புது எலும்பை உருவாக்கும் செல்கள் இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் தடை. முனைகளுக்கு நடுவே தசை புகுந்துகொள்ளலாம். கையின் கனமே முனைகளை இழுத்துப் பிரிக்கலாம். குறுக்காக முறிந்த எலும்பில் தொடும் பரப்பு குறைவு. முன்பே எலும்பின் மேல் பொருத்திய உலோகத் தகடு, அதாவது பிளேட், குட்டையாக இருக்கலாம். எலும்புக்குள் செலுத்திய உலோகக் கம்பி, அதாவது ராடு, முனைகளை விலக்கியே நிறுத்தியிருக்கலாம். புகைபிடித்தல், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு ஆகியவை உள்ளிருந்து கெடுப்பவை. மறைந்திருக்கும் தொற்று இன்னொன்று. வெளியே சீழோ காய்ச்சலோ இல்லாமலேகூட அது இருக்கலாம்.

அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு: தோளும் முழங்கையும் இறுகிப்போவது. மூட்டு அசையாவிட்டால், கையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்த அசைவு முறிந்த இடத்தில்தான் நடக்கும். வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பவர்களுக்கு இது வந்துசேர்கிறது.

எப்போது ‘கூடவில்லை’ என்று முடிவு கட்டுவது? பொதுவாக 6 மாதம் ஆகியும் கூடாவிட்டால் அப்படிச் சொல்வார்கள். 9 மாதம் ஆகி, கடைசி 3 மாதத்தில் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லாதிருக்க வேண்டும் என்ற கண்டிப்பான வரையறையும் உண்டு. ஆனால் அவ்வளவு காலம் காத்திருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. 6 வாரத்திலேயே மருத்துவர் கையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்கும்போது இரண்டு முனைகளும் தனித்தனியாக ஆடினால், எக்ஸ்ரேயில் புது எலும்பின் நிழலே விழவில்லை என்றால், கூடாமல் போகும் அபாயம் அதிகம். அந்தக் கையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

கூடாத எலும்பு எக்ஸ்ரேயில் எப்படி இருக்கிறது என்பதை வைத்துச் சிகிச்சை மாறும். சிலருக்கு முனைகள் இரண்டும் தடித்துப் பருத்து, நடுவில் மட்டும் கோடுபோல இடைவெளி தெரியும். இங்கே உயிர் இருக்கிறது, ஆட்டம்தான் தடை. உறுதியாகப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் கூடிவிடும். சிலருக்கு முனைகள் மெலிந்து, கூராகி, புது எலும்பே இல்லாமல் இருக்கும். இங்கே உறுதியும் வேண்டும், புது எலும்பு உருவாவதற்கான சரக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும். மேற்கையில் இந்த இரண்டாம் வகையை அடிக்கடி பார்க்கலாம்.

நரம்புக் காயத்தில் மூன்று படிகள்

நரம்பு அடிபட்டது என்றால் அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 1943இல் ஹெர்பர்ட் செட்டன் வகுத்த மூன்று படிகளை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். முதல் படியில் நரம்பு முழுதாக இருக்கிறது, அதிர்ச்சியில் வேலை நின்றிருக்கிறது. சில நாள் முதல் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் தானே சரியாகிவிடும். இரண்டாம் படியில் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் அறுந்திருக்கின்றன, அவற்றைச் சுற்றிய உறைகள் அறுபடவில்லை. மூன்றாம் படியில் நரம்பே துண்டாகியிருக்கிறது, அல்லது உள்ளே முழுக்கத் தழும்பாகியிருக்கிறது.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் உள்ள வேறுபாட்டைப் பந்தலில் ஏறும் கொடியோடு ஒப்பிடலாம். கொடி பட்டுப்போனாலும் பந்தல் கயிறு நின்றால், வேரிலிருந்து புதுத் தளிர் கிளம்பி அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்ச் சேரும். கயிறும் அறுந்தால் தளிர் கிளம்பும், ஆனால் போகும் திசை தெரியாமல் அங்கேயே சுருண்டு முடிச்சாகிவிடும். நரம்பு இழையும் அப்படித்தான். உறை இருந்தால் தானே போய்ச் சேரும், இல்லாவிட்டால் அறுவை சிகிச்சையில் பாதை அமைத்துக் கொடுக்க வேண்டும்.

இழை வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. மேற்கையின் நடுவிலிருந்து முழங்கைக்கு அருகே உள்ள முதல் தசைக்கு 10 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். 100 நாள் ஆகும். தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் சில வாரங்களையும் கூட்டினால் ஏறக்குறைய 4 மாதம். நரம்பு தானே மீள்கிறதா என்று பார்க்க 3 முதல் 4 மாதம், சிலர் 6 மாதம், காத்திருக்கச் சொல்வதன் கணக்கு இதுதான். இந்தப் பொறுமைக்கு நியாயம் உண்டு. ரேடியல் நரம்பு அடிபட்டவர்களில் 10 பேரில் 7 பேருக்கு எந்த அறுவையும் இல்லாமலே அது திரும்பி வருகிறது.

திரும்பி வருவதற்கும் ஒரு வரிசை உண்டு. முன்கையின் வெளிப்பக்கத் தசை முதலில் துடிக்கும், பிறகு மணிக்கட்டு எழும், அப்புறம் விரல்கள், கடைசியில் கட்டைவிரல். அதற்கும் முன்பே ஓர் அடையாளம் கிடைக்கலாம். நரம்பின் பாதையில் மருத்துவர் விரலால் தட்டிக்கொண்டே போவார், வளரும் நுனி இருக்கும் இடத்தில் சுரீரென்று கைக்குள் மின்னல் ஓடும். மாதா மாதம் அந்த இடம் கீழே இறங்கிக்கொண்டே போனால் நல்ல செய்தி. ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஏதோ தடை இருக்கிறது.

நரம்பையும் தசையையும் மின்சாரத்தால் சோதிக்கும் பரிசோதனையை அடிபட்ட மறுநாளே செய்து பயனில்லை. அறுந்த இழைகள் முழுதாகச் சிதைந்து, தசையில் மாற்றம் தெரிய 3 முதல் 4 வாரம் ஆகும். அப்போது ஒருமுறை, 3 மாதத்தில் மறுமுறை செய்து ஒப்பிட்டால்தான் விஷயம் புரியும். நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா, எலும்பு முனைகளுக்கு நடுவே மாட்டியிருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்க முடியும். ஆனால் அதற்குப் பழகிய கண் வேண்டும்.

இரண்டும் சேரும்போது கணக்கு மாறுகிறது

நரம்பு மட்டும் அடிபட்டு எலும்பு கூடிக்கொண்டிருந்தால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. எலும்பும் கூடவில்லை என்றால் நிலைமை வேறு. ஆடிக்கொண்டே இருக்கும் முனைகள் நரம்பை உரசிக்கொண்டும் தழும்பால் சூழ்ந்துகொண்டும் இருக்கலாம். எலும்புக்காக எப்படியும் கையைத் திறக்கத்தான் வேண்டும். திறந்தால் நரம்பைத் தேடிப் பிடிக்காமல் அந்த இடத்தில் எலும்பைத் தொடவே முடியாது. அப்படியிருக்க, ‘எலும்புக்கு 9 மாதம் ஆகட்டும்’ என்று இருந்தால் நரம்புக்கு உரிய நல்ல காலம் வீணாகக் கழிந்துவிடும்.

முறிவு ஏற்பட்டு 4 மாதம் ஆகிவிட்டது, எக்ஸ்ரேயில் புது எலும்பு இல்லை, மணிக்கட்டில் சிறு துடிப்புகூட இல்லை. இந்த நிலையில் மறுபடி கட்டை மாற்றிக் கட்டி ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எலும்பையும் நரம்பையும் சேர்த்துக் கையாளும் அனுபவமுள்ள ஒருவரிடம் அப்போதே போக வேண்டும். திறந்த காயத்தோடு எலும்பு முறிந்து நரம்பும் வேலை செய்யாதவர்கள், வெட்டுக் காயத்தால் நரம்பு போனவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு நரம்பு அறுந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆரம்பத்திலேயே திறந்து பார்ப்பார்கள்.

அறுவைக்கு முன்பு எக்ஸ்ரேயோடு சி.டி. ஸ்கேனும் எடுப்பது வழக்கம். உலோகத்தின் நிழலில் மறைந்திருக்கும் இடைவெளி அதில் தெரியும். தொற்று உண்டா என்று பார்க்க ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள், கூடவே சர்க்கரை, வைட்டமின் டி அளவுகள். ஒவ்வொரு தசையின் வலுவையும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு எழுதிவைப்பார்கள். இந்தக் குறிப்பு மிக முக்கியம். அறுவைக்குப் பிறகு கை அசையாவிட்டால், முன்பே அசையவில்லையா, இப்போது புதிதாகப் போனதா என்று சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம். புகைபிடிப்பவர் அதை நிறுத்துவது எலும்புக்குச் செய்யும் பெரிய உதவி.

அறுவை அறைக்குள்

பெரும்பாலும் முழு மயக்கத்தில் செய்வார்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி வலிக்கு நல்லதுதான். ஆனால் அதைப் போட்டுவிட்டால், கண் விழித்ததும் நரம்பு எப்படி இருக்கிறது என்று சோதிக்க முடியாது. எனவே பலரும் அந்த ஊசியைத் தவிர்ப்பார்கள், அல்லது சோதித்த பிறகே போடுவார்கள்.

கையின் பின்பக்கமாகவோ, முன்வெளிப் பக்கமாகவோ திறக்கலாம். முறிவு எங்கே, பழைய வெட்டுத் தழும்பு எங்கே, பழைய பிளேட் எங்கே என்பதைப் பொறுத்தது அது. நரம்பை நீளமாகப் பார்க்க வேண்டுமானால் பின்பக்க வழி வசதியானது. தசையைப் பிளக்காமல், ஓரமாக ஒதுக்கியே எலும்பின் பெரும்பகுதியைக் காட்டும் முறை அதில் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை நரம்பைக் கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு நியதி உண்டு: தழும்புக்குள் நேராகப் போகக் கூடாது. காயத்துக்கு மேலே நல்ல திசுவில் நரம்பை அடையாளம் கண்டு, கீழேயும் நல்ல திசுவில் பிடித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்ல மெல்லத் தழும்பை நோக்கி வர வேண்டும். மாதக்கணக்கில் ஆன முறிவில் நரம்பும் தழும்பும் ஒரே நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சிலருக்கு நரம்பு புது எலும்புக்குள்ளேயே புதைந்து, சுரங்கப்பாதையில் போவதுபோல் போய்க்கொண்டிருக்கும். உளியால் துளித்துளியாக எலும்பை எடுத்து விடுவிக்க வேண்டியிருக்கும். முழு அறுவையிலும் அதிக நேரமும் அதிகப் பொறுமையும் தேவைப்படுவது பல நேரம் இந்தக் கட்டம்தான். விடுவித்த நரம்பைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் நாடாவைப் போட்டு, அதை இழுக்காமல், கண்பார்வையிலேயே வைத்திருப்பார்கள்.

அப்புறம் எலும்பு. பழைய உலோகம் இருந்தால் எடுத்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் தழும்பு முழுவதையும் நீக்கி, முனைகளைச் செதுக்குவார்கள். வெளிறிய எலும்பு போய், ரத்தப் புள்ளிகள் கசியும் உயிருள்ள எலும்பு தெரியும் வரை செதுக்க வேண்டும். அடைபட்ட மஜ்ஜைக் குழாயைத் துளையிட்டுத் திறப்பார்கள். இந்த இடத்திலிருந்து ஐந்து துணுக்குகளாவது எடுத்து, தொற்று உண்டா என்று பார்க்க அனுப்புவது நல்ல வழக்கம். அதற்காகவே ஆண்டிபயாடிக் மருந்தைத் துணுக்கு எடுத்த பிறகு தொடங்குபவர்களும் உண்டு.

செதுக்கினால் எலும்பு குட்டையாகுமே என்று கேட்கலாம். ஆகும். காலில் 2, 3 செ.மீ. குறைந்தால் நடை மாறிவிடும். மேற்கையில் அந்த அளவு குறைந்தாலும் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. முனைகளை நன்றாகப் பொருத்தி இறுக்க இது பெரிய வசதி. நரம்புக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பொருத்திய முனைகளை நீளமான, தடித்த பிளேட் ஒன்றால் அழுத்திப் பிடிப்பார்கள். வழக்கமாக 4.5 மி.மீ. ஸ்க்ரூ போடும் வகை. முறிவின் ஒவ்வொரு பக்கமும் மூன்று அல்லது நான்கு ஸ்க்ரூ. எலும்பு பஞ்சுபோல் ஆகிவிட்டவர்களுக்கு, பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். புது எலும்பு உருவாகாத வகை என்றால் நோயாளியின் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பிலிருந்து பஞ்சு எலும்பை எடுத்து, முறிவைச் சுற்றி அடைப்பார்கள். உயிருள்ள செல்களோடு வரும் இதற்கு நிகரான கடைச் சரக்கு இதுவரை இல்லை என்பதே என் எண்ணம். இடுப்பில் சில வாரம் வலிக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘கையில் அறுவை, இடுப்பு ஏன் வலிக்கிறது?’ என்று நோயாளி பயப்படுவார். பிளேட்டும் எலும்பு ஒட்டும் சேர்ந்த இந்த முறையில், தொற்று இல்லாதவர்களில் 10க்கு 9 பேருக்கும் மேல் எலும்பு கூடிவிடுகிறது.

உள்ளே ராடு போட்டும் கூடாதவர்களுக்கு, அதைவிடப் பெரிய ராடை மாற்றிப் போட்டால் போதாதா? தொடையிலும் முழங்காலுக்குக் கீழும் அது பல நேரம் பலிக்கிறது, மேற்கையில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. நரம்பையும் பார்க்க வேண்டிய கைக்கு அது இன்னும் பொருந்தாது. எலும்பில் 5, 6 செ.மீ.க்கு மேல் இழப்பு இருந்தால், காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துவந்து வைப்பது, வெளியிலிருந்து வளையங்களால் பிடிக்கும் இலிசாரோவ் முறை என்று வேறு வழிகள் இருக்கின்றன. அவை தனியாக விரிவாகப் பேச வேண்டியவை.

எலும்பு உறுதியான பிறகுதான் நரம்பின் இறுதி முடிவு. எலும்பைக் குறைத்தால் நரம்பு செல்ல வேண்டிய தூரமும் மாறும் என்பதால் இந்த வரிசை. நரம்பு முழுதாக இருந்து, தழும்பு மட்டும் சுற்றியிருந்தால் விடுவித்ததே போதும். நரம்பில் முடிச்சு இருந்தால், அறுவையின்போதே சிறு மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பார்கள். முடிச்சைத் தாண்டிச் செய்தி போனால் அதைத் தொடமாட்டார்கள். போகவில்லை என்றால், அல்லது நரம்பு அறுந்திருந்தால், கெட்ட பகுதியை நல்ல இழைகள் தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். இங்கேதான் எலும்பைக் குறைத்தது உதவுகிறது. இடைவெளி சிறிதாகிவிட்டால் இரண்டு நுனிகளையும் இழுவிசை இல்லாமல் நேராகவே தைத்துவிடலாம். முடியாவிட்டால் கெண்டைக்காலின் பின்பக்கத்தில் இருக்கும் ஓர் உணர்வு நரம்பை எடுத்துவந்து நடுவில் பாலமாக வைப்பார்கள். அதை எடுத்தால் பாதத்தின் வெளியோரம் கொஞ்சம் மரத்துப்போகும், நடப்பதில் குறை வராது. இழுத்துப் பிடித்துத் தைத்த நரம்பு பிழைக்காது என்பதால், சந்தேகம் வந்தால் பாலம் வைப்பதே நல்லது.

மூடுவதற்கு முன் நரம்பு பிளேட்டின் மேல் நேராக உரசாதபடி நடுவே தசையை வைப்பார்கள். பிளேட்டின் எத்தனையாவது துளைக்கு மேலே நரம்பு கடக்கிறது என்று அறுவைக் குறிப்பில் எழுதிவைப்பார்கள்.

தொற்று இருந்தால் இந்த முழு வேலையையும் ஒரே நாளில் செய்வதில்லை. முதல் முறை உலோகத்தையும் கெட்ட எலும்பையும் எடுத்துச் சுத்தம் செய்து, தற்காலிகமாகப் பிடித்து வைத்து, ஆண்டிபயாடிக் கொடுப்பார்கள். சில வாரங்கள் கழித்து, இடம் சுத்தமான பிறகு எலும்பு ஒட்டும் நரம்பு ஒட்டும்.

நரம்புக்கு நேரம் கடந்துவிட்டால்

ஒன்றரை வருஷம் கழித்து வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கையை மடக்கவும் முன்கையைத் திருப்பவும் உள்ள தசைகளில் சில உபரி. அவற்றின் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியை எடுத்து, வேலை செய்யாத நாணோடு தைத்துவிடலாம். முன்கையைக் கவிழ்க்கும் தசையில் ஒன்று மணிக்கட்டைத் தூக்கும், மணிக்கட்டை மடக்கும் தசைகளில் ஒன்று விரல்களை நீட்டும், உள்ளங்கைக்குப் போகும் ஒரு மெல்லிய நாண் கட்டைவிரலை விரிக்கும். முதல் உலகப் போர் காலத்திலிருந்து செம்மைப்பட்டு வரும் முறை இது. கையறுவையில் இவ்வளவு நம்பகமான பலன் தரும் சிகிச்சைகள் குறைவு. பல வருஷம் ஆனாலும் செய்யலாம். இரண்டு நிபந்தனைகள் மட்டும்: எலும்பு கூடியிருக்க வேண்டும், விரல் மூட்டுகள் இறுகாமல் இளக்கமாக இருக்க வேண்டும்.

ஒரு வருஷத்துக்குள் வந்து, ஆனால் நரம்புச் சேதம் மிக நீளமாக இருந்தால், பக்கத்தில் உள்ள மீடியன் நரம்பின் உபரிக் கிளைகளைத் தசைக்கு அருகிலேயே இணைத்துவிடும் முறையும் இப்போது பரவிவருகிறது. பயணத் தூரம் குறைவதால் இழைகள் சீக்கிரம் போய்ச் சேரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

விரல்களை முதல் நாளே அசைக்கலாம். அசையாத விரல்களை மறுகையால் பிடித்து முழுதாக நீட்டி மடக்க வேண்டும், ஒரு நாளைக்குப் பலமுறை. பிளேட் உறுதியாக இருந்தால் முழங்கையும் தோளும் சில நாளிலேயே தொடங்கும். நரம்பைத் தைத்திருந்தால் மட்டும் முதல் சில வாரம் எவ்வளவு நீட்டலாம் என்பதை அறுவை செய்தவர் சொல்வார். எலும்பு கூடும் வரை கனம் தூக்கக் கூடாது, அந்தக் கையை ஊன்றி எழக் கூடாது. 6 வாரத்தில், 12 வாரத்தில் எக்ஸ்ரே. எலும்பு கூட பொதுவாக 3 முதல் 5 மாதம்.

புறங்கையில் உணர்வு இல்லாதவர்கள் சூட்டுக்குப் பக்கத்தில் கவனமாக இருக்க வேண்டும், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். ஸ்பிளின்ட்டை ‘இனி எதற்கு?’ என்று கழற்றிப் போடாதீர்கள். மணிக்கட்டு தொங்கியே கிடந்தால், நரம்பு திரும்பி வரும்போது நீண்டுபோன தசையால் அதைத் தூக்க முடியாமல் போகும்.

அறுவைக்கு முன் கொஞ்சம் அசைந்த மணிக்கட்டு, அறுவைக்குப் பின் அசையாமல் போவதும் நடக்கும். பயமாகத்தான் இருக்கும். நரம்பைக் கண்ணால் பார்த்து, முழுதாக இருக்கிறது என்று உறுதிசெய்து மூடியிருந்தால், பெரும்பாலும் அது தொட்டதாலும் ஒதுக்கியதாலும் வந்த தற்காலிகச் சோர்வு, வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பும். விடுவித்த நரம்பு சில மாதங்களில் அடையாளம் காட்டும். பாலம் வைத்த நரம்புக்கு முதல் துடிப்பு தெரியவே அரை வருஷம் ஆகலாம், முழுப் பலனைச் சொல்ல ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும். மணிக்கட்டு நன்றாக எழுந்தும் கட்டைவிரல் மட்டும் பின்தங்குவது வழக்கம். பழைய கை அப்படியே திரும்பும் என்று சொல்வது நேர்மையாகாது. எழுத, பிடிக்க, உடுத்த, வேலைக்குப் போகப் போதுமான கை கிடைப்பது பலருக்கும் சாத்தியம். காயத்தில் கசிவு, திடீர்க் காய்ச்சல், முறிந்த இடத்தில் புதிதாக ‘கடக்’ என்ற சத்தமும் வலியும் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

எலும்பு கூடிவிட்டதே, பிளேட்டை எடுத்துவிடலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். தொந்தரவு இல்லாவிட்டால் மேற்கையில் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் பொதுவான அறிவுரை. நரம்பு இப்போது அந்த உலோகத்தைத் தாண்டித்தான் போகிறது, எடுக்கப் போனால் தழும்புக்குள் மறுபடி அதைத் தேட வேண்டும். அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தொற்றோ வேறு முறிவோ வந்து என்றாவது அந்தக் கையைத் திறக்க நேர்ந்தால், எத்தனையாவது துளையில் நரம்பு கடக்கிறது என்ற அந்த ஒரு வரி அடுத்த மருத்துவருக்குத் தேவைப்படும்.